பிக்காஸோவின் "கெர்னிக்கா" சித்திரம்

1937-ம் வருடம் ஏப்ரல் 26-ந் தேதி ஸ்பெயின் தேசத்துக் கெர்னிக்கா என்னும் சிற்றூரின்மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. பாரிஸிலிருந்த பிக்காஸோ, அவ்வாண்டு அங்கு நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின் ஸ்பானிய மண்டபத்துக்கென, அக்கொடுமையையே பொருளாகக் கொண்டு ஏறக்குறைய 8 மீட்டர் அகலத்தில் சித்திரந் தீட்டினார்.

அதில் விமானமில்லை, குண்டில்லை, கொன்றவன் முகமுமில்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களே உள. இறந்த மகவை ஏந்தி அலறும் தாய், கதறும் குதிரை, வெறித்து நிற்கும் காளை, மேலே ஒரு மின்சார விளக்கு. காளை எதைக் குறிக்கும், குதிரை எதைக் குறிக்கும் என்று பண்டிதர்கள் வழக்காடுவர். காளை கொடுமையும் இருளுமாம், குதிரை மக்களாம் என 1945-ல் ஓவியரே கூறியதுண்டு. அத்தாயின் பொருளை உரைக்கவோ நமக்கு எந்தப் புரோகிதனும் வேண்டுவதில்லை. கோணல் சித்திரமென்று நகைப்போரும் உளர். மகவு சிதைந்தவளை நேராக வரைவது எங்ஙனம்?

ஸ்பெயினில் மக்களுரிமை மீளும்வரை இச்சித்திரம் அங்குச் செல்லலாகாதென்பது அவர் கட்டளை. 1973-ல் அவர் மறைந்தார். 1981-ல்தான் நியூயார்க்கிலிருந்து அது ஸ்பெயின் சேர்ந்தது.