பாலூவின் கணக்கில் விழாத பந்துகள்

1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காகப் பல்வாங்கர் பாலூ எடுத்த விக்கெட்டுகள் எத்தனை? ஒரு பதிவில் 114, சராசரி 18.84. இன்னொன்றில் 75, சராசரி 20.12. பாட்டியாலா மகாராஜா தலைமையில் 23 ஆட்டம் ஆடி 15-இல் தோற்ற அணி அது. தோற்ற அணியின் பந்துவீச்சாளரை ஏற்றிச் சொல்ல யாருக்காவது தேவை இருந்ததோ என்று சந்தேகப்பட்டேன்.

அப்படி ஒன்றுமில்லை. 23-இல் முதல்தர ஆட்டங்கள் 14 மட்டுமே. எங்கள் போடியில் ஏலக்காயைச் சலித்து எட்டு எம்எம் காயைத் தனியே எடுப்பதுபோல, அந்த 14-ஐப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். சல்லடைக்குக் கீழே விழுந்ததைக் கழித்துப் பார்த்தேன்: 39 விக்கெட், ஏறக்குறைய 639 ஓட்டம், சராசரி 16.4. சோப்ளாங்கி அணிகளிடம் வாரிக் குவித்த கணக்கல்ல இது. வித்தியாசம் விக்கெட்டுக்கு நாலு ஓட்டம்கூட இல்லை.

அதே கழித்தலை முழு ஆட்ட வாழ்க்கைக்கும் போட்டேன். மொத்தம் 33 முதல்தர ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. இங்கிலாந்தை நீக்கினால் மிஞ்சுவது 104 விக்கெட். சராசரி பன்னிரண்டைத் தொடவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் ஒரு இடக்கைச் சுழலருக்கு?

ஆனால் இந்தக் கணக்கு தொடங்குவதே 1905-06-இல். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. அதற்கு முன் பூனா கிளப்பில் மைதான வேலையாள். மாதம் நாலு ரூபாய். ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டி, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டார். மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு தடவைக்கும் கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. வலைப் பயிற்சியில் போடும் பந்துக்கு ஸ்கோர் எழுதும் வழக்கம் அப்போது கிடையாது.

அமெரிக்க பேஸ்பாலில் சை யங் 1890 முதல் 1911 வரை சம்பளத்துக்குப் பந்து வீசினார்; அவருடைய 511 வெற்றிகளும் ஏட்டில் இருக்கின்றன. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பாலூவும் சம்பளத்துக்கு வீசத் தொடங்கினார். கிளப் வேலையாளாக அவர் வீசிய பந்துகளுக்குச் சாட்சி அந்த எட்டணாக் கதைதான்.

தீண்டாமைக்கு ஆளான சமார் சாதியில் பிறந்தவர் பாலூ. பூனா இந்து அணிக்குள் வந்த பிறகும் தேநீர் தனி மண் குவளையில், பெவிலியனுக்கு வெளியே. பிற்கால பாலூவைத் தேட கிரிக்கெட் ஏடுகள் போதாது. 1932 பூனா ஒப்பந்தத்தில் நம் தலித் தலைவர் எம்.சி.ராஜாவோடு அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று அம்பேத்கரிடம் தோற்றார்: 13,245-க்கு 11,225. கிரிக்கெட்டில் இந்து அணியின் தலைமை மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. தம்பி விட்டலுக்கு 1923-இல் கொடுத்தார்கள்.