ஊவாத் தோட்டப் பாடசாலைகளும் கல்விக் கருவிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவி மாறின் கற்றலும் மாறுமா என்பது கல்வியியலாளரிடை நெடுங்காலமாக நிலவும் வினா. பார்ப்போரைச் சூழ்ந்து நிற்கும் 360 பாகை ஒளிக்காட்சியைத் தலையணிக் கருவியிலும் கைத்தொலைபேசியிலும் கணினித் திரையிலும் காண இயன்றபின் அவ்வினா மீண்டும் எழுந்துள்ளது. பதுளை மாவட்டத் தோட்டங்களின் வரலாற்றை முன்வைத்து அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1983இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க், ஊடகம் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் வண்டி மட்டுமே என்றும், பயன் தருவது கற்பிக்கும் முறையே என்றும் வாதிட்டார். 2019இல் மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் ஈண்டு நோக்கற்பாலது. ஆய்வுகூடச் செய்முறையைத் தலையணிக் கருவியிற் கண்ட பல்கலைக்கழக மாணவர், அங்கேயே நிற்பதான உணர்வை மிகுதியாகப் பெற்றனர். எனினும் கணினித் திரையிற் கண்டோரினும் குறைவாகவே கற்றனர்.

இனி ஊவாவை நோக்குவோம். 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. சட்டம் வந்தும், பல தோட்டங்களில் ஓரறையும் ஓராசிரியருமே பாடசாலையாயின. 1977 முதல் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது லயன் அறைகளுட் பெரும்பாலானவற்றிற்கு மின்னிணைப்பே இல்லை.

2020 மார்ச்சில் கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட, பாடங்கள் தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறின. 2021இல் லுணுகலைப் பகுதி மாணவர் இணையத் தொடர்பு நாடி, மலைமேல் மரத்திற் கட்டிய குடிலில் ஏறிக் கற்றமை உலகச் செய்தியாயிற்று. தோட்டங்களில் ஒரே கைத்தொலைபேசியை உடன்பிறந்தார் பலர் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகளும் உள. அதனைத் தந்தை வேலைக்குக் கொண்டுசென்றால் பாடமும் உடன்சென்றது.

இவற்றால் ஓருண்மை புலனாகும். கிளார்க் கூறிய வண்டி உவமை பொருத்தமானதே. ஆயின் அது பாதை உண்டென்பதை முற்கொள்கின்றது. கருவிகளை ஒப்பிடும் ஆய்வுகளும் கருவி கைவரப்பெற்ற மாணவரையே ஒப்பிடுகின்றன. தோட்டப் பாடசாலையில் முதல் வினா எக்கருவி சிறந்தது என்பதன்று. எது எல்லாப் பிள்ளைகளையும் சென்றடையும் என்பதே. விலையுயர்ந்த தலையணிக் கருவி ஒன்றினும், வகுப்பு முழுவதும் ஒருங்கே காணும் திரையும், தமிழில் அமைந்த பாடமும், கண்டதைப் பற்றி வினவி விளக்கும் விஞ்ஞான ஆசிரியரும் மிகுபயன் தருவர் எனலாம். அவ்வாசிரியர் பற்றாக்குறையே பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டங்கள் உள்ளிட்ட மலையகம் முழுவதும் நீண்டகாலமாகத் தீராதிருப்பது. கல்வித் திட்டம் வகுப்போர் இதனை முதற்கண் கருத்திற் கொள்ளல் வேண்டும்.