விரலுக்குக் கணக்கு இருந்தது, ஆளுக்கு இல்லை

எங்க காலனியில் பெரியப்பா முறையுள்ள ஒருவருக்கு வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிடையாது. 1980களின் கடைசியில் கரும்பாலை உருளை கரும்போடு சேர்த்துக் கையையும் இழுத்தது. “குடிச்சிட்டு வந்து கைய விட்டான். ரெண்டு நாளைக்கு வந்த ஆளு, நான் என்ன பண்றது?” என்றார் ஆலைக்காரர். ஒரு மூட்டை நெல் வந்தது. அதோடு சரி.

இந்தப் பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1837இல் இங்கிலாந்தில், பாரம் அதிகம் ஏற்றிய வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்த கறிக்கடை வேலையாள் ஒருவர் முதலாளிமீது வழக்குப் போட்டுத் தோற்றார். கூட வேலை செய்பவனின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்ற நியாயம் அதிலிருந்துதான் வளர்ந்தது. இங்கே 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான எந்திரத்துக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. ஆனால் 100 பேருக்குக் குறைவான ஆலை அதன் கணக்கிலேயே வராது.

1923இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பெரிய திருப்பம். வேலையினால், வேலை நேரத்தில் விபத்து என்றால் போதும். முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. ‘கூட்டாளி தவறு’ என்ற சாக்கையும் 1938ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. பின்னாளில் திருத்திய அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, சுட்டுவிரலுக்கு 14. அட்டவணை சாதி பார்க்காது. உருளைக்கு முன்னால் நிற்பது யார், கல்லாவில் உட்கார்வது யார் என்பதைச் சாதி முன்னமே தீர்த்து வைத்திருக்கிறதே!

அதே சட்டத்தில் சந்துகளும் இருந்தன. குடிபோதையே விபத்துக்கு நேரடிக் காரணம் என்று காட்டினால் காயத்துக்கு நஷ்டஈட்டை மறுக்கலாம். முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு எப்போதாவது வந்தவர் ‘தொழிலாளி’யே அல்ல. இந்தக் கடைசி விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது, 77 வருஷம்! ஆலைக்காரர் சட்டம் படித்தவரில்லை. ஆனால் எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2020இல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. தொகுப்பு எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இவன் உன்னிடம் வேலை செய்தானா? பெரியப்பாவின் பெயர் அந்த ஆலைக் கணக்கு நோட்டில் இல்லை. ‘ஆள் 4, கூலி’ என்றுதான் எழுதியிருந்தது. நாலில் ஒருவர் அவர்.

அவர்கள் எழுதமாட்டார்கள். நாம் எழுதுவோம். நம் பிள்ளைகள் கையில் நோட்டு இருக்கிறது. தேதி, ஆலை, யார் யார் போனார்கள், என்ன கூலி: தினமும் நாலு வரி போதும்.