போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களும் கொட்டகலைப் பேரேடுகளும்: எழுத்து நியமம் பற்றிய ஒரு நோக்கு

குடும்ப வரலாற்றாய்வில் ஈடுபடுவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் பெயரின் எழுத்து வடிவமாகும். ஒரே பெயர் பல வடிவங்களிற் காணப்படுவதால், அவற்றை ஒரு நியம வடிவத்தின்கீழ்க் கொணர்வது தேவையாகின்றது. ஆயின் அந்நியமம் எதற்காக, எவ்வெல்லைவரை என்னும் வினாவும் உடனெழுகின்றது. இலங்கையின் போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களையும் கொட்டகலைத் தோட்டத் தமிழரின் பெயர்களையும் ஒருங்கே நோக்குமிடத்து இவ்வினாவின் சமூகப் பரிமாணம் தெளிவாகும்.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கையை அடைந்தனர். பின்னர் ஞானஸ்நானம் பெற்ற கரையோர மக்கள் பலர் போர்த்துக்கேயப் பெயர்களை ஏற்றனர். 1530களில் மதம் மாறிய முத்துக்குளித்துறைப் பரதவரிடையேயும் இதுவே நிகழ்ந்தது. பெரெய்ரா இங்கு பெரேரா ஆயிற்று. மென்டெஸ் மென்டிஸ் ஆயிற்று. பெர்னாண்டோ, பர்னாந்து, பர்ணாந்து எனத் தமிழில் ஒரு பெயரே பலவாயிற்று. 'பெர்னாண்டஸ்' என்பது 'பெர்னாண்டோவின் மகன்' எனப் பொருள்படும் தந்தைவழிப் பெயராகத் தோன்றி, மாறாக் குடும்பப் பெயராக உறைந்ததாகும். போர்த்துக்கலிலேயே 1911இல்தான் அரசின் எழுத்துச் சீர்திருத்தம் நடைபெற்றது. எனவே, இன்றைய லிஸ்பன் எழுத்தைக் கொண்டு நீர்கொழும்பின் பழைய கோயிற் பதிவைத் திருத்த முற்படுவது பொருந்தாது. 'பெரேரா' பிழையன்று, அது இம்மண்ணில் அப்பெயர் பெற்ற வரலாறு.

இப்பெயர்களில் எழுத்து மாறினும் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் நிலைக்கின்றது. மலையகத்தில் நிலைமை வேறு. பழனியின் மகன் இராமசாமி. இராமசாமியின் மகன் வேலு. தகப்பன் பெயரே முன்னிற்பதால், ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறுகின்றது. குடும்பப் பெயரை அடிப்படையாகக் கொண்ட அட்டவணையில் பாட்டனும் பேரனும் தொடர்பற்ற இருவராகிவிடுவர்.

இதனோடு எழுத்துச் சிக்கலும் சேர்கின்றது. தோட்டத்துச் செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 'பழனி' என்பதன் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்தில்லை. இலிகிதர் எழுதியதை மீண்டும் தமிழில் எழுதுபவர் 'பலனி' என்றோ 'பளனி' என்றோ எழுதலாம். இலட்சுமி, லெட்சுமி, லச்சுமி என்பவையும் அவ்வாறே. டிரேட்டன், ஸ்டோனிகிளிப் என்னும் தோட்டப் பெயர்கள் துரைமாரின் மொழியில் ஒரே வடிவில் நிலைத்திருக்க, அங்கு கொழுந்து கொய்தவளின் பெயர் ஏட்டுக்கு ஏடு வேறுபட்டது. எவருடைய பெயரைச் சரியாக எழுதுவது அவசியமெனக் கருதப்பட்டது என்பதில் வர்க்க உறவு புலப்படுகின்றது.

இது ஏட்டளவிலான பிரச்சினையன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், வம்சாவளிப் பிரசையென ஏற்பதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்தமையை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தமையை வேண்டிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி 1க்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. பிறர்க்கு ஆர்வத் துறையாயிருந்த குடும்ப வரலாறு, லயத்தில் வாழ்ந்தவர்க்கு நாட்டுரிமைச் சோதனையாயிற்று. 1964 ஒக்டோபர் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்கு உரிமை வழங்கியபோதிலும், கலைந்த குடும்பங்களின் தொடர்பை ஆவணங்களிலேயே தேட வேண்டியுள்ளது.

எனவே மூன்று நெறிகள் கைக்கொள்ளத்தக்கன. முதலாவதாக, மூல ஆவணத்திலுள்ள பெயரை எழுத்துக்கெழுத்து, பிழையெனத் தோன்றுவதையும் நீக்காது, பெயர்த்தெழுதல் வேண்டும். இரண்டாவதாக, நியம வடிவம் அட்டவணையின் தலைப்பாக மட்டுமே அமைதல் வேண்டும். 'பழனி' என்ற தலைப்பின்கீழ் ஏனைய வடிவங்கள் யாவும் இடம்பெறலாம். மூன்றாவதாக, எழுத்தொற்றுமை கொண்டு மட்டும் இருவரை ஒருவரெனக் கொள்ளலாகாது. தகப்பன் பெயர், கங்காணி பெயர், தோட்டம், பூர்வீக ஊர் ஆகியவற்றுள் வேறொரு சான்றேனும் வேண்டும். முதியோரின் வாய்மொழி இங்கு பெரிதும் துணைபுரியும்.

நியமம் தேடுவோனுக்கு வழிகாட்டியாகலாம். சான்றை அழிக்கும் கருவியாகலாகாது. பேரேட்டில் ஒருமுறை சிதைந்த பெயரை, ஆய்வின் பெயரால் நாம் மறுமுறையும் சிதைத்தல் தகாது.