பழவேற்காடு மீனவர் குப்பங்களில் பெரியவர்களின் ஊட்டநிலை

பழவேற்காடு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி; ஆந்திரத்திலும் திருவள்ளூர் மாவட்டத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. இதன் கரைக் குப்பங்களில் புரதச் சத்து வலையிலேயே கிடைக்கிறது. அது யார் தட்டுக்கு வந்து சேரும் என்பதை நீரின் மேலுள்ள உரிமையும் சந்தை விலையும் தீர்மானிக்கின்றன.

உரிமைகளில் முதன்மையானது பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூக மீனவர்கள், இறால் நன்றாகப் படும் இடங்களில் சுத்துவலை கட்டுவதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். தலைக்கட்டாக, அதாவது உறுப்பினராக, சேர்ந்தவருக்கே முறை வரும். இருளர் பழங்குடியினருக்கு இதில் பங்கில்லை. அவர்கள் சேற்றுநீரில் தவழ்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரு கைகளும் வேலையில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். அந்த இறாலும் பெரும்பாலும் வியாபாரிக்கே போகிறது. விலையுள்ளது விற்றுப்போக, வீட்டுக் குழம்புக்குக் காரப்பொடி போன்ற பொடிமீன் மிஞ்சும். முள்ளோடு தின்றால் அதில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். அதுவும் படாத நாட்கள்தாம் கவலைக்குரியவை.

மீனை விற்று அரிசி வாங்கும் குடும்பத்தில், இரண்டின் விலையும் எப்படி ஒத்துப்போகிறது என்பதே சாப்பாட்டை முடிவு செய்யும். 1943 வங்கப் பஞ்சத்தில் மீனவர்கள் மிகக் கடுமையாக அடிபட்டதை, 1981-இல் வெளியான நூலில் அமர்த்தியா சென் இவ்வாறே விளக்கினார்: அரிசி விலை எகிறியபோது மீனுக்கு அதற்கேற்ற விலை கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் இன்று அந்த அடியைத் தாங்குவது ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடல்நீர் வரத்து நின்று, இறால் குறையும் காலத்திலும் உலை கொதிக்கிறது. வயிறு நிறைகிறது, இரும்புச் சத்துக்கு அந்த அரிசி போதாது.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 12.6 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள், 40.4 விழுக்காட்டினர் மிகை எடை கொண்டவர்கள். பாடு முறையில் பங்குள்ள வீட்டையும் பறியோடு தவழும் வீட்டையும் இந்த மாநிலச் சராசரி பிரித்துக் காட்டாது. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணே வீட்டில் சமைப்பவளும் என்பதால், நேரத்துக்கு உண்பது அவளுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

முகத்துவாரத்தைத் தூர்வாருவதும், இருளர்களுக்கு நீரில் உரிமை தருவதும், ரேஷனில் பருப்பு தவறாமல் கிடைக்கச் செய்வதும் இங்கே ஊட்டச்சத்துத் திட்டங்களாகவே நடத்தப்பட வேண்டும்.