பூட்டிக் கிடந்த மின்நிலையம் பிள்ளைகளுக்குத் திறந்த கதை

சிங்கப்பூரில், ஆர்மீனியன் ஸ்திரீட் 45ஆம் எண்ணில் இருப்பது 1920களில் எழுந்த ஒரு துணை மின்நிலையம். மின்சார வேலை நின்ற பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. அந்தக் கட்டடத்தைக் கலைஞர்களிடம் தரும்படி 1980களில் கேட்டவர் நாடகாசிரியர் குவோ பாவ் குன். 1990 செப்டம்பரில் அது 'சப்ஸ்டேஷன்' என்ற பெயரிலேயே கலை இல்லமாகத் திறக்கப்பட்டது.

குவோவின் கதையும் சாதாரணமானதல்ல. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1976 முதல் 1980 வரை சிறையில் இருந்தவர். 1977ல் குடியுரிமை பறிபோனது. 1992ல்தான் திரும்பக் கிடைத்தது. அதாவது, இந்த நாட்டு இளையர்களுக்குக் கதவு திறந்துவிட்ட நாளில் அவர் இந்த நாட்டுக் குடிமகன்கூட இல்லை!

பூனையைத் தேடும் ஒரு தாயைப் பற்றி அவர் 1988ல் மேடையேற்றிய நாடகத்தில் ஹொக்கியன் பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் சந்திப்பார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் மனம் புரிந்துவிடும். தமிழ் நேயர்கள் மறக்கக்கூடாத காட்சி இது.

சப்ஸ்டேஷனில் இருந்தது என்ன? நூறு பேர் அளவுக்கு உட்காரக்கூடிய சிறிய கறுப்பு அரங்கு, ஓவியக் கூடம், நடனப் பயிற்சி அறை, பின்னால் ஒரு தோட்டம். அவ்வளவுதான். ஆனால் முன்பின் பெயர் இல்லாத பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1990களில் ராக், பங்க் இசைக் குழுக்கள் அந்தத் தோட்டத்தில் வாசித்தன. 1997ல் தொடங்கிய திரைப்படத் திட்டத்தில் உள்ளூர்க் குறும்படங்கள் திரையேறின. பின்னாளில் பெயர் பெற்ற ராய்ஸ்டன் டான் போன்றோரின் படங்களும் அவற்றில் உண்டு. சாதாரண வெற்றியைவிட உருப்படியான தோல்வி மேலானது என்பது குவோவின் கொள்கை. 2002ல் எஸ்பிளனேட் திறந்தது; அதன் பெரிய அரங்கில் ஏறக்குறைய 2,000 இருக்கைகள். நாட்டுக்கு அதுவும் தேவைதான். ஆனால் அங்கே போய் முதல் நாடகத்தில் தடுமாற எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

குவோவுக்குப் பின் பொறுப்பேற்றவர்களில் தி. சசிதரன் ஒருவர். இருவரும் சேர்ந்து 2000ல் நடிப்புப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவே இன்றைய பன்முகக் கலாசார நாடகக் கழகம். குவோ 2002ல் காலமானார்.

பணத் தட்டுப்பாடு எப்போதும் இருந்தது. பிள்ளைகள் பாடிய தோட்டம் ஒரு கட்டத்தில் வாடகைக்குப் போய் உணவு விடுதியானது. 2021ல் தேசியக் கலைகள் மன்றம், கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு பல குழுக்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும் என்றது. பலருக்குப் பயன்படட்டும் என்பது நியாயமான வாதமே. ஆனால் யாருக்கு அரங்கைக் கொடுப்பது, எந்தச் சோதனை முயற்சிக்கு இடம் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை கையில் இல்லாமல் அந்த இல்லம் பழையபடி இயங்க முடியாது என்று நிர்வாகத்தினர் கருதினர். அவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஜூலையில் கட்டடத்தைக் காலி செய்தபோது, அங்கே குடியேறி 30 ஆண்டுகள் கடந்திருந்தன.