மிசெரிகோர்ட்: இரக்கத்தின் இருக்கை

மத்திய கால ஐரோப்பியத் துறவிகள் நாளொன்றுக்கு எட்டு வேளைச் செபங்களைப் பெரும்பாலும் நின்றபடியே சொல்லவேண்டியிருந்தது. முதியோரும் நோயாளரும் சாய்ந்துகொள்வதற்காக, பாடகர் வரிசைக் கதிரைகளின் மடிப்புப் பலகைக்கு அடியில் சிறு தாங்கி ஒன்று அமைக்கப்பட்டது. பலகையை மேலே மடித்தால் அது உடலைத் தாங்கும். பார்ப்பவருக்கு அவர் நிற்பதாகவே தோன்றும். 'இரக்கம்' எனப் பொருள்தரும் லத்தீன் சொல்லே அதன் பெயரானது.

தாங்கியின் கீழ், தச்சர்கள் புனிதர்களைவிட அன்றாட வாழ்வையே அதிகம் செதுக்கினர்: வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரி, கணவன் மனைவி சண்டை. இங்கிலாந்தின் எக்சிற்றர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டு யானையொன்றும் உண்டு.

கொவென்ட்ரி புனித மைக்கேல் பேராலய இருக்கைகளில் மரணத்தின் நடனம் செதுக்கப்பட்டிருந்தது. 1940 நவம்பர் 14 இரவு, ஜேர்மன் குண்டுவீச்சில் அவை ஆலயத்தோடு அழிந்தன. முன்பே குறிப்பெடுத்து வைத்தவர்களால்தான் அங்கு என்ன இருந்தது என்பது இன்று தெரிகிறது.